மூக்கு செத்த பிறகு

தின்னர் வாசனை நின்றுபோயிருந்தது.

காலையிலிருந்து கண்ணைக் கரித்து, நாக்கில் கசந்து, தலைமுடிக்குள் எல்லாம் புகுந்து உட்கார்ந்திருந்த வாசனை. இப்போது இல்லை. ஆரோக்கியசெல்வி தன் உள்ளங்கையை முகர்ந்தாள். பக்கத்தில் திறந்திருந்த தின்னர் டின்னுக்குள் மூக்கை வைத்து இழுத்தாள். வெறும் தண்ணீரை முகர்ந்ததுபோல இருந்தது.

திண்டிவனத்தைத் தாண்டி, ஓமந்தூர் போகும் சாலையோரம் புதிதாகக் கட்டிய வீடு. அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். வாசலில், தரைக்கடியில் எட்டடி ஆழத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. ஆள் இறங்க இரண்டடிச் சதுரத்தில் ஒரு வாய். பதினோரு மணியிலிருந்து அவள் புருஷன் தென்னரசு அதற்குள் நின்று சுவருக்கு வெள்ளை பெயிண்ட் உருட்டிக்கொண்டிருந்தான். மேலே இவள் பெயிண்டில் தின்னர் கலந்து, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே காற்று வீச ஒரு ஃபேன் வைத்திருந்தார்கள். கரண்ட் போய் அரை மணி நேரமாகிவிட்டது.

"இன்னும் ஒரு செவுருதான்டி. ஜல்தி முடிச்சிட்டு வர்றேன்" என்று அப்போதே சொன்னான்.

பெயிண்ட் கடை சுகுமார் படித்துப் படித்துச் சொல்லித்தான் டின்னைக் கொடுத்திருந்தார். "ஃபேன் நின்னா ஆளு மேல வந்துடணும். வாசனை போச்சுன்னா காத்து சுத்தமாயிடுச்சுன்னு நெனைக்காத. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஒருத்தரு விழுந்தா இன்னொருத்தரு எறங்காதீங்க. கிட்ட தீக்குச்சிகூட கிழிக்கக் கூடாது."

"மூக்கு செத்தா பால் தெளிச்சிடலாம்ணே" என்று சிரித்தான் தென்னரசு.

மேகம் கறுத்து, பகல் இரண்டு மணிக்கே அந்தி மாதிரி மங்கியிருந்தது. சாலையில் வண்டியில்லை. தொட்டிக்குள் பெயிண்ட் உருளை மட்டும் ஈரமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. சர்ர்... சர்ர்... ஒரே இடத்தில், ஒரே நீளத்துக்கு, அவசரமே இல்லாமல். எவ்வளவு நேரமாக?

"மாமா!"

"ம்."

"செவுரு முடிஞ்சிதா?"

"ம்."

சர்ர்... சர்ர்...

அவள் மண்டியிட்டு, தொட்டி வாய்க்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். அவன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் சுவரில் பாதி பெயிண்ட் படாத வெறும் சிமெண்டாகவே நின்றது. அவன் உருளையைச் சுவரில் உருட்டவில்லை. தன் இடது கையில் உருட்டிக்கொண்டிருந்தான். தோளிலிருந்து விரல் நுனி வரை. மறுபடி தோளிலிருந்து. கழுத்தும் பாதி முகமும் ஏற்கெனவே வெள்ளை.

"மாமா! மேல வா!"

அவன் நிமிர்ந்து சிரித்தான். "குளுகுளுன்னு இருக்குடி. நீயும் எறங்கி வாயேன்."

"வெளையாடாத. ஏறி வா."

"ஏணி எங்கடி?"

"ஒன் முதுவுக்குப் பின்னாலதான் நிக்கிது."

அவன் திரும்பினான். ஏணியைத் தாண்டி, வெறும் சுவரைத் தடவிக்கொண்டே போனான். பிறகு கால் மடங்கி, சிரித்துக்கொண்டே, உட்கார்ந்தான்.

அவள் ஏணியில் ஒரு காலை வைத்தாள். சுகுமார் சொன்னது காதில் இடித்தது. காலை இழுத்துக்கொண்டு, "அண்ணே! யாராச்சும் வாங்களேன்!" என்று அலறினாள்.

பக்கத்து மனையின் காவல்காரர் விருத்தாசலம் ஓடிவந்தார். முப்பது வருஷம் கிணறு வெட்டியவர். எட்டிப் பார்த்த உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா நாத்தம் இது? கொடலப் பொரட்டுது."

"எறங்காதீங்கண்ணே, கயிறு... கயிறு கொண்டாங்க."

"பயப்படாத பொண்ணு. நான் பாக்காத கெட்ட காத்தா? இரு, வர்றேன்."

கொட்டகைக்கு ஓடினார். அவள் தொட்டி வாயருகிலேயே தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தலை கனத்தது. இனித்தது.

அவர் திரும்பி வந்தபோது கையில் கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் ராந்தல் விளக்கு. எரிந்துகொண்டு.

"கெணத்துல எறங்குறதுக்கு மின்ன வெளக்கத்தான் உடணும். அணைஞ்சா கெட்ட காத்து. அணையலன்னா நானே எறங்கித் தூக்கிக்கினு வந்துடுவேன்."

வேணாம். சொல்ல வேண்டும். வேணாம்ணே, தின்னர். நாக்கு திரும்பவில்லை. கயிற்றைப் பிடிக்கப் போனாள். கை வேறு எங்கோ போய் விழுந்தது.

முழு பலத்தோடு கத்தினாள்.

சிரிப்புதான் வந்தது.

"பாத்தியா, ஒனக்கே தைரியம் வந்துடுச்சி" என்றார்.

விளக்கு வாயைத் தாண்டியது. ஒரு முழம்.

இரண்டு முழம்.

சுடர் அணையவில்லை. உயர்ந்தது. அதைச் சுற்றி மெல்லிய நீல வளையம்.

"நல்ல காத்துதாம்மா. எப்புடி எரியுது பாரு."

மூன்றாவது முழம்.

கீழே, முகமெல்லாம் வெள்ளையாக, தென்னரசு எழுந்து நின்றான். இரண்டு கைகளையும் குழந்தைபோல உயர நீட்டி, விளக்கை வாங்கிக்கொள்ள எம்பினான்.