உள்ளறை வாசல்

வாசலின் அகலம் நான்கு சாணா, நான்கரையா என்பது கொம்போவுக்கு இன்று சரியாக நினைவில்லை. அளந்தது அவன் கைதான். அந்தக் கையை இப்போது அவனால் நம்ப முடியவில்லை.

லாமு தீவில் பிள்ளை பிறப்பது வீட்டின் கடைசி உள்ளறையில். அந்த வாசலுக்குச் சுண்ணாம்பு பூசும் கொத்தனார், ஈரம் காயுமுன் இரு பக்க விளிம்புகளையும் கட்டைவிரலால் தேய்த்து மழுக்கிவிடுவார்; பிள்ளை வரும் வழியில் கூர் நிற்கக் கூடாது என்பது வழக்கம். கொம்போ மழுக்கவில்லை. சொந்த வீடு, தலைப்பிள்ளை. பார்க்க வருகிறவர்கள் தன் கைநேர்த்தியையும் பார்க்கட்டும் என்று கத்திபோல் நிறுத்தினான்.

"என்ன மேஸ்திரி, சுவத்துல மீன் அறுக்கலாம் போலிருக்கே?" நிறைமாத வயிற்றோடு மனைவி ஸுஹுரா சிரித்தாள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தோடு உள்ளே நுழைந்தபோது அவனுடைய இரு முழங்கைகளும் உரசின. தோலில் இரண்டு மெல்லிய கோடுகள். ரத்தம் பிறகுதான் வந்தது. சாண் போட்டுப் பார்த்தான். மூன்றரை. ஈரச் சுண்ணாம்பின் நெடிக்கு அடியில் வற்றிய கடலின் நாற்றம் இருந்தது. சுவருக்குள் எங்கோ கல்லோடு கல் உராயும் ஓசை எழுந்து, நின்று, மூச்சு வாங்கியதுபோல் மறுபடி தொடங்கியது.

"ஸுஹுரா, நீ வெளியே வந்துடு. முன்னறையில படுத்துக்க."

"முன்னறையில பெத்தா ஊரே எட்டிப் பார்க்கும். போங்க, வேலையப் பாருங்க."

உளியால் பூச்சை உதிர்த்தான். அடியில் பவளக்கல். தட்டினால் பொடியும் கல். எந்த உளியும் அதில் கூர் எடுத்ததில்லை. அங்கேயும் அதே விளிம்பு, இன்னும் கூராக.

நண்பகல் தொழுகைக்கு முன்பே வலி கண்டது. மருத்துவச்சி ரெஹெமா ஒருக்களித்துத்தான் உள்ளே போனாள்.

"பிள்ளை வர்ற வீட்டுல இப்படியாடா வாசல் வைப்பான், மடையா! வெந்நீர் கொண்டா."

"அவளத் தூக்கிட்டு வந்துடுங்க அத்தை!"

"தலை தெரியுது. எங்கேடா தூக்க?"

வெந்நீரோடு ஓடிவந்தான். தோள் நுழையவில்லை.

கை நுழைந்தது.

பிறகு விரல்கள் மட்டும். அவற்றை அவன் எடுக்கவில்லை.

உள்ளே குழந்தை வீரிட்டது.

"ஏங்க," ஸுஹுராவின் குரல். "ஏன் இருட்டுது?"

கல் உராய்ந்தது.

அக்கம்பக்கத்தார் கூரையைப் பிரித்து மேலிருந்து பார்த்தார்கள். அறை இருந்த இடத்தில் இரண்டு சுவர்கள் ஒற்றைக் கோட்டில், மயிரிழை போலச் சேர்ந்திருந்தன. எந்த உளியும் இறங்கவில்லை.

கொம்போ இப்போது படகுத்துறையில் மூட்டை சுமக்கிறான். வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. ரெஹெமாவுக்கு அவள் பிள்ளைகள் இறந்தோருக்கான ஜனாஸா தொழுகை நடத்திவிட்டார்கள். ஸுஹுராவுக்கும் குழந்தைக்கும் இன்னும் நடத்தவில்லை. அந்தக் கோட்டில் காதை வைத்தால் இரண்டு மூச்சுகள் கேட்கின்றன. ஒன்று பெரியது. ஒன்று சிறியது.