ரோஜாப்பூக் கோப்பை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. பக்கத்து வீட்டு நெல்லி பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தபோது, ஹில்டா அடுப்படி நாற்காலியில் செத்துக் கிடந்தாள். தேநீரில் தூக்க மருந்து என்றார் டாக்டர்.

நகரத்திலிருந்து வந்த சார்ஜென்ட் ஹோல்டன் நெல்லியைப் பிடித்துக்கொண்டார். “தினம் உள்ள போய் வர்ற ஆள் நீதான். ஏறு வண்டியில.”

“ஐயோ, தூக்குல போட்டுருவாங்களே! வில்ஃப் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!”

வில்ஃப் ஹில்டாவின் அண்ணன். பஞ்சாலையில் காவல் பார்த்த கிழவர். படிப்பு கிடையாது, யாரையும் நம்புகிற பழக்கமும் கிடையாது. நெல்லியையும் நம்பவில்லை. வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

மேசைமேல் ரோஜாப்பூப் போட்ட இரண்டு கோப்பைகள். ஒன்றின் அடியில் வெள்ளை மாவு. மற்றதில் கரையாத சர்க்கரை. மேலே கொக்கிகளில் மூன்று குவளைகள்: நெல்லிக்கு, வில்ஃபுக்கு, ஹில்டாவின் மகன் கிளிஃபர்டுக்கு. குளிர் நுழையாமல் முன்கதவடியில் கிடக்கும் துணிச்சுருள் ஓரமாக ஒதுங்கியிருந்தது. காலையில் டாக்டர் உட்பட எல்லோரையும் பின்வாசல் வழியாகத்தான் நெல்லி அழைத்து வந்திருந்தாள்.

கறுப்பு டையுடன் கிளிஃபர்ட் வந்து நின்றான். கிறிஸ்துமஸ் அட்டைகளில் ‘ஒரு நாள் பாப் இன் பண்றேம்மா, சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போறேன்’ என்று பத்து வருஷமாக எழுதியும் வராதவன்.

“கடைசியா எப்படா பாத்தே?” என்றார் வில்ஃப்.

“நேத்து சாயங்காலம் மாமா. பின்வாசல் வழியா சும்மா பாப் இன் பண்ணேன். உட்காரக்கூட இல்ல.”

நெல்லி அழுதபடியே அவனுக்கும் வேறொரு கோப்பையில் தேநீர் கொடுத்தாள். நாலு கரண்டி சர்க்கரை போட்டு, ஒரே கலக்கு கலக்கிக் குடித்தான். வில்ஃப் அதன் அடியை எட்டிப் பார்த்தார்.

“நெல்லிய விடுங்க, சார்ஜென்ட்.”

“கிழவரே, நீங்க என்ன துப்பறியும் புலியா?”

“எங்க தெருவுல பாப் இன் பண்றவங்க கதவைத் தட்ட மாட்டாங்க, கோட்டைக் கழட்ட மாட்டாங்க. கொக்கியில இருக்கிற அவங்கவங்க குவளையில நின்னுக்கிட்டே குடிச்சிட்டுப் போவாங்க. முன்கதவு டாக்டருக்கும் சவப்பெட்டிக்கும்தான். ரோஜாக் கோப்பை விருந்தாளிக்கு. நேத்து வந்தவன் முன்கதவைத் தட்டியிருக்கான்.”

“டாக்டரா இருந்தா?”

“டாக்டர் இப்படி அடியில சர்க்கரைய விட்டுட்டுப் போவாரா?” சர்க்கரை தங்கிய ரோஜாக் கோப்பையையும் கிளிஃபர்ட் இப்போது குடித்த கோப்பையையும் சாய்த்துக் காட்டினார்; இரண்டின் அடியிலும் ஒரே மாதிரி சர்க்கரை. “கிளிஃபர்ட், பின்வாசல் வழியா வந்திருந்தா உன் குவளையிலதான்டா குடுத்திருப்பா.”

“என் குவளையா?”

வில்ஃப் அதைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினார். ஒரு தூசி இல்லை. “சனிக்கிழமை தவறாம கழுவி மாட்டுவா. நீ நிமிர்ந்து பாக்கவே இல்லையா?”

அவன் கை நீட்டவில்லை. உதடு கோணியது.

“வீட்டை வித்துப் பணத்தைக் குடுக்கச் சொன்னேன் மாமா. மாட்டேன்னுட்டாங்க. ‘வித்துட்டா நீ எங்கடா எட்டிப் பார்ப்பே’ன்னாங்க. அதுக்கப்புறமும்... தேநீர்ல மருந்தைப் போட்டுட்டேன்.”

சார்ஜென்ட் அவனை வெளியே கூட்டிப் போனார். நெல்லி தன் குவளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

முன்கதவு வழியாகக் குளிர்காற்று வீசியது. வில்ஃப் குனிந்து துணிச்சுருளை எடுத்தார். பிறகு, சவப்பெட்டி வரவேண்டும் என்று நினைவு வந்து, அதைச் சுவரோரமாகவே வைத்தார்.