ஞாயிற்றுக்கிழமை பிறந்த கோஜோ

ட்ரிங்ங்ங்… ட்ரிங்ங்ங்…!

கேப் கோஸ்ட்டில், கடலைப் பார்த்த மஞ்சள் வீட்டில் போன் அலறியது.

ஃபீஃபி அமிஸ்ஸா பாய்ந்தார். ரிட்டயர் ஆனவர் பாய்ச்சல் என்றால், நாற்காலியிலிருந்து எழ இரண்டு முயற்சி!

ராங் நம்பராக இருந்தாலும் சம்மதம்தான். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டில் அவரோடு பேசியது ஃப்ரிட்ஜ் மட்டும். அதுவும் முனகல்.

"அப்பா, நான் கோஜோ. கம்ப்யூட்டர் கம்பெனியிலேர்ந்து பேசறேன்."

அந்த 'அப்பா'விலேயே அமிஸ்ஸா பாதி விழுந்துவிட்டார்.

"சொல்லுப்பா!"

"உங்க கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு சப்போர்ட் முடிஞ்சாச்சு. இனிமே ஓட்டை விழுந்தா அடைக்க ஆளில்லை. இப்பவே வைரஸ் நெளியறது இங்கேர்ந்து எனக்குத் தெரியுது!"

அமிஸ்ஸா மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

சப்போர்ட் முடிந்தது உண்மை. பேப்பரில் பார்த்த அன்றே கடையில் விசாரித்திருந்தார்.

'புது சிஸ்டத்தை இந்தக் கிழட்டு மெஷின் தாங்காது சார். இலவச சிஸ்டம் ஒண்ணு இருக்கு, போட்டுத் தரேன். இல்லேன்னா நெட்டைப் பிடுங்கிட்டு பாட்டு மட்டும் கேளுங்க.'

பிடுங்கிவிட்டார். மனைவி சர்ச்சில் பாடிய பாட்டுகள் அதில்தான் இருந்தன.

நெட்டே இல்லாத கம்ப்யூட்டரில் வைரஸ் நெளிகிறதாம்!

திருடன்!

போனை வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை.

"ஐயையோ! என்னப்பா செய்யணும்?"

"நான் சொல்றதை டைப் பண்ணுங்க. உள்ளே வந்து சரி பண்றேன்."

"இரு, ஆன் ஆகட்டும். ஆமா… நீ சாப்டியா?"

இந்தத் தொழிலில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும்.

"…கென்கே சோள உருண்டையும் மீனும்ப்பா. மீன்னு பேரு. எல்லாம் முள்ளு."

தினமும் போன் வந்தது. தினமும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிக்கொண்டே இருந்தது! ஒருநாள் கரண்ட் இல்லை. ஒருநாள் கண்ணாடி காணோம்.

"நான் பொறந்த கதையைச் சொல்லி எங்கம்மா சிரிப்பாங்க" என்றான் ஒருநாள். "ஞாயித்துக்கிழமை… சர்ச்ல பாதி பிரசங்கத்துல வலி வந்துடுச்சாம்!"

அமிஸ்ஸாவும் சிரித்தார்.

பாதியில் நிறுத்தினார்.

ஞாயிறு பிறந்த பையன் க்வெஸி. கோஜோ என்றால் திங்கட்கிழமை. இந்த ஊரில் பிறந்த கிழமைதான் பேர்; எது தப்பினாலும் அது தப்பாது!

"இன்னும் ஆன் ஆகலைப்பா" என்றார் இன்னொரு நாள்.

"போங்கப்பா! பக்கத்து ஊர் எல்மினாவுல ஒரு அம்மா, சொன்ன உடனே கம்ப்யூட்டரைத் திறந்துட்டாங்க. புருஷன் பென்ஷன் மொத்தமும்…"

கப்பென்று வாயை மூடிக்கொண்டான்.

அமிஸ்ஸா ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். எல்மினாவிலும் இப்படி ஒரு வீடு. அங்கேயும் ஒரு ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருக்கும்…

போலீசுக்குப் போனார்.

"முதல் நாளே திருடன்னு தெரியும்ங்கறீங்க. ஏன் சார் சொல்லலை?" என்றாள் இன்ஸ்பெக்டர் அராபா எஸ்ஸுமான்.

"சொன்னா போன் நின்னுடுமேம்மா."

அராபா புகாரைக் குறித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவனைப் பேச்சுல பிடிச்சு வைங்க. எங்கேர்ந்து பேசறான்னு நாங்க கண்டுபிடிக்கறோம்."

"அது ஒண்ணுதான் எனக்கு வரும்! பேரு க்வெஸின்னு தேடுங்க."

மறுநாள்.

"அப்பா, இன்னிக்காவது ஆன் ஆச்சா?"

"ஆயிண்டே இருக்குப்பா… உனக்கென்ன, இருமல் மாதிரி இருக்கு?"

"தரையில படுக்கறேன்ல… ஈரம்ப்பா."

பக்கத்தில் அராபாவின் செல்போன் அதிர்ந்தது. கேட்டாள். முகம் மாறியது.

திடீரென்று போனுக்குள் ஒரு அதட்டல். தடதடவென பூட்ஸ் சத்தம்.

"அப்பா—!"

கட்!

வீடு முழுக்கக் கடல் சத்தம் மட்டும்.

அமிஸ்ஸா ரிசீவரை வைக்க மறந்து நின்றார்.

"பிடிச்சுட்டீங்களா?"

"பிடிக்க என்ன இருக்கு சார்? அவன் ஏற்கெனவே ஜெயில்லதான் இருக்கான்! உள்ளே கடத்தின போன்ல தொழில் நடத்தியிருக்கான். நீங்க சொன்ன மாதிரி க்வெஸிதான். வார்டன் போனைப் பிடுங்கிட்டார். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டான்."

தொந்தரவு! அமிஸ்ஸா மெல்ல உட்கார்ந்தார்.

"ஜெயில்ல பார்க்க என்னிக்கும்மா விடுவாங்க?"

"உங்களை ஏமாத்தப் பார்த்தவனையா?!"

"எல்மினா அம்மா பென்ஷனை எங்கே வெச்சேன்னு சொல்றவரைக்கும் எதிர்ல உட்கார்ந்து நச்சரிக்கப் போறேன். அதுவுமில்லாம…"

"அதுவுமில்லாம?"

"என் பசங்களுக்கு எப்போ போன் பண்ணாலும், 'வெளிய இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்'கறாங்க…"

அமிஸ்ஸா கண் சிமிட்டினார்.

"இவன் அப்படிச் சொல்ல முடியாதே!"