கல்பூரானும் பெக்கோக் டிரெசரும்

1934-ஆம் வருடத்து மழைக்காலம். நனையாமல் இருக்க, மலாயாவின் பெக்கோக் ரயில் நிலையத்துக்குள் ஓடிவந்தவள் நேராக மனோகரன்மேல் மோதினாள். அவள் கையிலிருந்த தகர டப்பா விழுந்து திறந்தது... உள்ளிருந்து நீண்ட கால்களோடு ஒரு பூரான் விரைந்தோட, அவன் சட்டென்று மிதித்துவிட்டான்.

"ஐயோ... கொன்னுட்டீங்களே!"

"கடிச்சா நான்தானே மருந்து போடணும்? எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசருங்க நான்."

"மூணு நாள் தேடிப் பிடிச்சது லா!"

மழைத்துளி தங்கிய இமைகளுக்குள் கோபம் மின்னியது. அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை.

அவள் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் தங்கை சந்திரமதி. நன்றாக வரைவாள். சிங்கப்பூர் மியூசியத்தில் வேலை பார்க்கும் சதாசிவம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லில் பதிந்த பூரானின் போட்டோவை அவளுக்கு அனுப்பியிருந்தார். அதோடு ஒப்பிட, உயிருள்ள பூரானை வரைந்து தரவேண்டும்.

மறுநாளே மனோகரன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றான்.

லென்ஸ் வைத்து எண்ணினாள். "கல்லுல பதினஞ்சு ஜோடிக் காலு... இதுக்கும் பதினஞ்சு! இத்தனை கோடி வருசத்துல மாறவே இல்லை, பாருங்க!"

அந்தச் சிரிப்பில் அவன் நெஞ்சு நிறைந்தது.

"சதாசிவம் சார் எவ்வளவு சந்தோஷப்படுவாரு!"

நிறைந்தது புளித்துப்போனது.

மூன்று மாதம், வாரம் ஒரு பூரான். வாரம் தவறாமல் அந்தப் பெயர். சார் கையெழுத்து முத்து மாதிரி... சார் எழுதினா படிச்சுக்கிட்டே இருக்கலாம்... முகம் தெரியாத அந்த மனிதனை நினைத்துக்கொண்டே மனோகரன் நோயாளிகளுக்கு ஊசி குத்தினான்.

ஒருநாள் பொறுக்கவில்லை. "இனிமே உங்க சாரையே வந்து பிடிச்சுக்கச் சொல்லுங்க!"

அவள் முகம் வாடியது. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அதற்குப்பின் மூன்றாம் வாரம் அவளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், வீங்கிய விரலோடு. மட்கிய கட்டையைப் புரட்டும்போது செம்பூரான் கடித்துவிட்டதாம்.

விரலை வெந்நீரில் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "அந்த சாருக்காக இவ்வளவு பாடா?"

"சார், படம் போதும்னு எழுதி ரெண்டு மாசமாச்சு..."

"அப்போ நான் கொண்டாந்ததெல்லாம்?"

"வேணாம்னா... நீங்க வர்றதும் நின்னுடுமே." தலை குனிந்தாள். "இன்னைக்கும், ஒண்ணு கிடைச்சா அந்தச் சாக்குல உங்களைப் பார்க்கலாம்னுதான்..."

"அப்புறம் எதுக்கு எப்பவும் சார், சார்னு?"

"உங்களுக்குக் கோபம் வருதான்னு பார்த்தேன்..."

"கோபமா? பொறாமையில வெந்து போனேங்க. உங்க மேல அவ்வளவு ஆசை..."

அவள் வலியோடு சிரித்தாள். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா, நான் கடி வாங்கியிருக்க மாட்டேன்ல..."