பூங்காவில் சத்தம் போட்டது யார்?

எங்கள் தெருப் பூங்காவில் விளையாடக் கூடாது என்று பலகை நட்டது வேறு யாரும் இல்லை, என் அம்மாதான்.

அம்மா நகராட்சியில் பூங்கா மேற்பார்வையாளர். ஊரில் உள்ள எல்லாப் பூங்காக்களும் அவள் பொறுப்பு. குழாய் ஒழுகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், பெஞ்சு உடைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பூங்காவில் நாய் குட்டி போட்டால்கூட அம்மாவுக்குத்தான் போன் வரும்.

அன்று பள்ளி விட்டதும் நானும் தம்பியும் பூங்காவுக்கு ஓடினோம். உள்ளே அம்மா மண்வெட்டியோடு நின்று, பலகையின் காலைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாள். பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

'இது அமைதிப் பூங்கா. பந்து, ஊஞ்சல், ஓட்டம், கூச்சல் அனைத்தும் தடை.'

தம்பி இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். 'ஓட்டம்' வரைக்கும் வந்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, நான் மெதுவா ஓடலாமா?"

அம்மா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அதற்குள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். எங்கள் குழுவுக்கு ஒரு கேப்டன் உண்டு. யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பந்து அவனுடையது, அவ்வளவுதான். அவன் பலகையைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏய் பட்டாணி, உங்க வீட்டுல உக்காந்துதான் இந்தத் திட்டம் போட்டீங்களா?"

பட்டாணி என்பது நான்தான். குள்ளமாக இருப்பதால் அந்தப் பெயர். வழக்கமாக அப்படிக் கூப்பிட்டால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்வேன். அன்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"நான் என்னடி பண்ணட்டும்?" என்றாள் அம்மா. "பூங்காவை ஒட்டி இருக்கே அந்த மாடி வீடு, அங்கேருந்து போன்ல புகார் வந்திருக்கு. பூங்கா சத்தம் கேட்டுத் தூங்கவே முடியலையாம். ஆணையர் வரைக்கும் போயிடுச்சு. அவருக்கு ரொம்ப நாளாவே அந்த இடத்துல பூந்தொட்டி வைக்கணும்னு ஆசை. சனிக்கிழமை வெல்டர் வந்து சறுக்கு மரம், ஊஞ்சல் எல்லாத்தையும் வெட்டி எடுக்கப் போறாரு."

"வெட்டறதா? நீ வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். 'புகார் வந்தா நடவடிக்கை எடுக்கணும்மா'ன்னுட்டார். அதுக்கு மேல நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

அந்தச் சறுக்கு மரம் சும்மா வந்ததில்லை. அம்மா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கியது. அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்ததுகூட அவள்தான். ஆட்கள் போதவில்லை என்று ஒரு விடுமுறை நாளில் தானே உட்கார்ந்து அடித்தாள். அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது.

மறுநாள் மாலை நாங்கள் தெருவில் விளையாடிப் பார்த்தோம். ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தே விரட்டினார். மொட்டை மாடிக்குப் போனோம். தலைக்கு மேல் இடி இடிக்கிறது என்று கீழ்வீட்டு மாமா ஏறி வந்து கத்தினார். எங்கள் வீட்டிலோ இரண்டே அறை. கடைசியில் எல்லோரும் பூங்காச் சுவருக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தோம். உலகத்தில் எங்களுக்கென்று ஒரு இடமும் இல்லை என்று தோன்றியது.

"அந்த மாடி வீட்டு ஸ்கூட்டர்ல காத்தைப் பிடுங்கி விடலாம்" என்றான் கேப்டன்.

"காத்து போனா இன்னொரு புகார் வரும்" என்றேன்.

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு. மேற்பார்வையாளர் பொண்ணு ஆச்சே!"

"நேர்ல போய்ப் பேசறேன். அவங்க எப்ப தூங்குவாங்கன்னு தெரிஞ்சா, மத்த நேரத்துல விளையாடலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கே போகும் அளவுக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மா கிளம்பும்போது, "வெல்டர் வந்திருப்பார். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் வராதீங்க" என்றாள். அவள் போனதும் நான் செருப்பை மாட்டினேன். தனியாக இருக்கப் பயம் என்பதால் தம்பியும் ஒட்டிக்கொண்டான்.

மாடி வீட்டுக் கதவைத் திறந்த அக்காவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. உள்ளே ஒரு நாற்காலியில் வெள்ளை உடுப்பு மடிக்காமல் கிடந்தது. அக்கா நர்ஸ், இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே புரிந்தது.

"யாரும்மா நீங்க?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அத்தனையும் மறந்துவிட்டது. வாய்க்கு வந்ததைக் கொட்டினேன்.

"மன்னிச்சிருங்க அக்கா! எங்களாலதான் உங்களுக்குத் தூக்கம் போச்சு. நீங்க எப்ப தூங்குவீங்கன்னு சொல்லுங்க, அப்ப நாங்க வாயே திறக்க மாட்டோம். சறுக்கு மரத்தை மட்டும் வெட்ட வேணாம்னு சொல்லுங்க."

"நான் மெதுவா ஓடுறேன்" என்றான் தம்பி.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சறுக்கு மரத்தை எதுக்கு வெட்டணும்? நான் உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. பூங்கா கேட்டு சத்தம் தாங்கல, தூங்க முடியலன்னுதானே போன் பண்ணேன்?"

"அதான் அக்கா. எங்க சத்தம் கேட்டு..."

"உங்க சத்தம் இல்லம்மா. கேட்டு சத்தம்."

"ஆமா, சத்தம் கேட்டு..."

"சத்தம் கேட்டு இல்ல. கேட்டு சத்தம்!"

செக்கு மாடு மாதிரி இருவரும் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம். இந்த அக்காவுக்குத் தூக்கம் கெட்டு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். அவளும் என்னைப் பற்றி ஏதோ அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அப்போது கீழே யாரோ பூங்காவின் இரும்புக் கதவைத் தள்ளினார்கள்.

'கிர்ர்ர்ரீ...ச்!'

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "இது! இதைத்தான் சொல்றேன்! இந்தக் கேட்டு!" என்று கத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா சொன்னது கேட் போடும் சத்தம். புகார் வாங்கியவர் எழுதியது சத்தம் கேட்டுத் தூங்க முடியவில்லை என்று. இரண்டு சொல் முன்னும் பின்னுமாக மாறியதற்கு எங்கள் பூங்காவே போகப் போகிறது!

"ஐயோ அக்கா, வெல்டர் வந்துட்டார்!"

மூன்று பேரும் படியில் உருண்டு புரண்டு ஓடினோம். அக்காவின் ஒரு காலில் ஒரு செருப்பு, மறுகாலில் வேறொரு செருப்பு.

ஆனால் தாமதமாகிவிட்டது. பூங்காவுக்குள் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சறுக்கு மரத்தின் தகடு நடுவில் இரண்டாகி, கீழ்ப்பாதி மணலில் தொப்பென்று விழுந்தது. தம்பி ஓவென்று அழுதுவிட்டான். அம்மா அதைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நிறுத்தச் சொல்லு! சத்தம் கேட்டு இல்லம்மா, கேட்டு சத்தம்!"

நல்லவேளை, அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னாள். அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சொட்டு எண்ணெய்" என்றாள். "ஒரே ஒரு சொட்டு எண்ணெய்க்கா இவ்வளவும்? நானே மாடி ஏறி வந்து என்னன்னு விசாரிச்சிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லையே."

வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு அம்மாவிடம், "அக்கா, மீதியை வெட்டவா வேணாமா? எனக்கு உத்தரவு ஆணையர்கிட்டேருந்து வந்தது" என்றார்.

அம்மா ஆணையருக்குப் போன் செய்தாள். அவர் கூட்டத்தில் இருக்கிறாராம். மறுபடி செய்தாள். அப்போதும் கூட்டம்தான். அம்மா போனைப் பையில் போட்டுவிட்டு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள்.

"வெட்டாதீங்க. ஆணையர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

"வேலை போயிடும்மா" என்றேன் பயத்தோடு.

"போனா போகட்டும்" என்றாள் அம்மா. அவள் குரலும் நடுங்கியது.

நான் இரண்டாகக் கிடந்த தகட்டைப் பார்த்தேன். "இது போனது போனதுதானா அண்ணா?"

வெல்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஒட்டத் தெரியாதா பாப்பா? என் தொழிலே ஒட்டறதுதான். இந்த ஆபீஸ்காரங்கதான் என்னை வெட்டறதுக்கே கூப்பிடறாங்க."

அவர் தகட்டை நிமிர்த்தி ஒட்டினார். ஒட்டிய இடத்தை வழவழவென்று தேய்த்தும் கொடுத்தார். நர்ஸ் அக்கா அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "தையல் பிரமாதம். தழும்புகூட இல்ல" என்றாள். கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டதும் வெல்டர்தான். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மதியத்துக்கு மேல் ஆணையர் போனில் வந்தார். அம்மாவை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார். அம்மா "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். கடைசியில் அவர், "அந்தப் பலகையைப் பிடுங்கிடுங்க" என்று வைத்துவிட்டாராம். வேலை போகவில்லை. பூந்தொட்டிகள் ஆணையர் வீட்டு வாசலுக்கே போய்விட்டதாகக் கேள்வி.

மறுநாள் மாலை எல்லோரும் பூங்காவுக்கு வந்தோம். கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. நாங்களும் சத்தமே இல்லாமல் உள்ளே போனோம். மனதுக்குள் பயம் போகவில்லை. கேப்டன் பந்தை உதைக்காமல் உருட்டினான். ஊஞ்சல் ஆடியவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். மறுபடி ஏதாவது ஒரு சொல் இடம் மாறினால் என்ன செய்வது? கிடைத்த பூங்காவில் விளையாடத் தெரியாமல் திருடர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தோம். எனக்கு அழுகையாக வந்தது.

மாடி ஜன்னல் திறந்தது. நர்ஸ் அக்கா தலையை நீட்டினாள்.

"என்ன, யாருமே வரலையா?"

"வந்திருக்கோம் அக்கா" என்றேன் கிசுகிசுப்பாக.

"அப்புறம் ஏன் இவ்வளவு அமைதி? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நீங்க தூங்கணுமே அக்கா."

அக்கா ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நான் வேலை பார்க்கிறது சின்னப் பிள்ளைங்க வார்டுல" என்றாள் பிறகு. "ராத்திரி பூரா என் கண்ணு முன்னாடி உங்க வயசுப் பிள்ளைங்கதான். ஒண்ணுக்கும் கத்தறதுக்குத் தெம்பு கிடையாது. வார்டே அமைதியா இருக்கும். அந்த அமைதியை என்னால தாங்கவே முடியாது. வீட்டுக்கு வந்து பகல் பூரா புரண்டுட்டு, சாயங்காலம் உங்க கூச்சலைக் கேட்டாதான் எனக்குக் கண்ணு மூடும். இந்த நாலஞ்சு நாளா அதுவும் இல்லாம செத்தேன். கொஞ்சம் கத்துங்களேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கத்து என்று பெரியவர்கள் யாரும் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

முதலில் தொடங்கியது தம்பிதான். சறுக்கு மரத்தின் உச்சிக்கு ஏறி, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே சறுக்கினான். பின்னாலேயே கேப்டன் கத்தினான். பிறகு நான், பிறகு எல்லோரும்.

மேலே அக்கா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.