கொக்கி விரல்

நேற்று மாலை நிமிர்த்திவிட்டுப் போன விரல் இன்று காலையில் மறுபடி வளைந்திருந்தது.

அவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் ஓவியக் கல்லூரிக் கூடத்துச் சுவரின் முன்னால் நின்றாள். ஆளுயரத் தாளில் கரியால் வரைந்த படம். கட்டிலில் சாய்ந்து கிடக்கும் ஒரு மனிதர். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. இடது கை மட்டும் தலையணைமேல் முழங்கையை ஊன்றி மேலே எழும்பியிருக்கிறது. அந்தக் கையின் ஆள்காட்டி விரலைத்தான் நேற்று ரப்பரால் அழித்து, நேராக வரைந்து, மற்ற விரல்களோடு சேர்த்துவிட்டுப் போனாள். இப்போது அது கொக்கி மாதிரி நின்றது. அழித்த தடம்கூடத் தாளில் இல்லை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழிதான் முதலில் ஞாபகம் வந்தது. பெற்ற அப்பாவின் விரலைப் பார்த்து நினைக்கிற பழமொழியா அது என்று உடனே காது மடல் சூடேறியது.

சரியாக அழிக்காமல் போயிருப்போம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கண்காட்சிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

கல்லூரியில் அவளுக்குக் கரிக்குருவி என்று பெயர். எந்நேரமும் மூக்கிலோ முழங்கையிலோ கரி அப்பியிருக்கும். கை நன்றாக ஓடும் பெண் என்று முதல் வருடத்திலேயே பெயர் வாங்கியவள்தான். ஆனால் கடைசி வருடத்தில், சொந்தமாக ஒரு படைப்பு கொண்டு வாருங்கள் என்றபோது அவளிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. ஜன்னலை வரைந்தாள், பழைய செருப்பை வரைந்தாள், மழையில் நனைந்த சைக்கிளை வரைந்தாள். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"கை இருக்கு. ஆளைக் காணோம்," என்றார். "எதைப் பாக்க உனக்குக் கூச்சமா இருக்கோ, அதைப் போய் வரை."

வீட்டில் அப்பா படுத்திருந்தார். முப்பது வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய இடது கையை வைத்துக்கொண்டே அவர் ஒரு பாஷை உண்டாக்கினார். உள்ளங்கையைத் தாழ்த்தி அசைத்தால் வலி. கட்டைவிரல் நிமிர்ந்தால் போதும். ஆள்காட்டி விரல் கொக்கியாக வளைந்தால் தண்ணீர். பேருந்தில் அவருடைய இருக்கைக்குப் பக்கத்துக் கொக்கியில்தான் தண்ணீர் பாட்டில் எப்போதும் தொங்கும். அந்தப் பாஷை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அவளுக்கு.

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல் வேலை. மத்தியானங்களில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது மகளின் பொறுப்பு. அவளும் பார்த்தாள். பத்து மத்தியானம், பத்துப் படம். பதினொன்றாவது படம்தான் இப்போது சுவரில் இருப்பது. அதை வரைந்த அன்று சாயங்காலம் அவர் இறந்துபோனார்.

வேலையிலிருந்து ஓடி வந்த அம்மா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணி குடிச்சாராடி?"

"குடிச்சாரும்மா."

அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இந்த மூன்று மாதமும் எழுந்து நடமாடுகிறாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "மனுஷன் தாகத்தோட போகல. பொண்ணு கையால வாய் நனைச்சுட்டுத்தான் போனார்." பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போதெல்லாம் மகள் தன் நகத்திடுக்கிலிருந்த கரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டியபோது ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். பிறகு, "இந்தக் கை எதைக் கூப்பிடுது?" என்று கேட்டார்.

"வெளிச்சத்தை, சார்," என்றாள்.

வகுப்பே கைதட்டியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. அம்மா மட்டும் இந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், படித்துவிடுவாள். கழற்றிவிடலாம்தான். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிட வெட்கக்கேடு, அவளுக்கே கழற்ற மனமில்லை. அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அது. ஒரு விரலை மாற்றினால் போதும், படமும் பிழைக்கும், அம்மாவும் பிழைப்பாள் என்று கணக்குப் போட்டாள்.

இன்று மறுபடியும் விரலை அழித்தாள், நிமிர்த்தினாள். கரி உதிராமலும் கலையாமலும் தாளோடு இறுக்கிப் பிடிக்கும் ஸ்ப்ரே ஒன்று உண்டு. அதை விரல்மேல் மூன்று முறை அடித்துக் காயவிட்டாள். இனி ரப்பரால்கூட அதை அசைக்க முடியாது. கிளம்பும்போது ஜன்னல் மேடையில் இருந்த கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பிவைத்தாள். கரிப் படத்துக்குத் தண்ணீரே தேவையில்லை. தூரிகை கழுவிய நாட்களின் பழக்கதோஷம்.

மறுநாள் கண்காட்சி. காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஸ்ப்ரேயின் வாடை அல்ல. வியர்வை ஊறிய தலையணையும், முதுகுப் புண்ணுக்குப் போடும் பவுடரும், மூடியே கிடந்த அறையில் மத்தியானம் முழுக்க ஒருவர் விட்ட மூச்சும் சேர்ந்த வாடை. வீட்டில் அப்பா கிடந்த அறையைக் கழுவி மூன்று மாதமாயிற்று. அவள் சுவரைப் பார்க்காமல் முதலில் ஜன்னலைத் திறக்கப் போனாள். குடுவையில் தண்ணீர் பாதிதான் இருந்தது. விளிம்பில் கறுப்பாக ஓர் உதட்டுத் தடம். முழு உதடு இல்லை. ஒரு பக்கம் மட்டும்.

திரும்பினாள். விரல் வளைந்திருந்தது. ஸ்ப்ரேயின் மெல்லிய பளபளப்பு கலையாமல் அப்படியே இருக்க, அதற்கு அடியில், உள்ளே, வளைந்திருந்தது.

கைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சாயங்காலம் நீ வர வேண்டாம்மா. கூட்டமா இருக்கும். உனக்குக் கால் வலிக்கும்."

"அவரைப் பாக்க எனக்கு என்ன கூட்டம்? அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சதும் நேரா வந்துடறேன்," என்றாள் அம்மா. குரலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற உற்சாகம்.

பகல் எப்படியோ போனது. ஆறு மணிக்குத் திறப்பு. நாலரை மணிக்கெல்லாம் மற்ற மாணவர்கள் முகம் கழுவி உடை மாற்றப் போய்விட்டார்கள். அவள் மட்டும் கூடத்தில் நின்றாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரிந்து வந்து படத்தின் கைமேல் விழுந்தது. அன்று வீட்டில் விழுந்ததே, அதே சாய்மானத்தில், அதே மஞ்சளில். மின்விசிறி ஓடவில்லை. தூரத்தில் யாரோ ஒரு குழாயைச் சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள். அந்தச் சொட்டுச் சத்தத்தின் நடுவே இன்னொரு சத்தம் இருந்தது. வறண்ட தொண்டை எச்சில் விழுங்கப் பார்க்கும் சத்தம். அது தன் தொண்டைதான் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மறுபடியும் வந்தது.

கீழே பார்த்தாள். படத்துக்கு அடியில், அந்தக் கைக்கு நேர் கீழே மட்டும், தரையில் கரித்தூள் குவிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. நடுங்கும் கையிலிருந்து உதிர்கிற மாதிரி.

அன்றும் கை நடுங்கியது.

விரல் வளைந்ததை அவள் அன்று பார்த்தாள். பார்த்தவுடன் புரிந்தது. கூஜா இரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. ஆனால் வெயில் அந்தக் கைமேல் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தது. "அப்படியே வச்சிருங்கப்பா. கொஞ்ச நேரம்தான்," என்றாள். அவர் வைத்திருந்தார். பெண் சொன்னால் கேட்கிறவர். கை நடுங்கி நடுங்கி ஒரு கட்டத்தில் போர்வைமேல் விழுந்தது. அவள் எழுந்து போனாள். கூஜாவிடம் போகவில்லை. விழுந்த கையைத் தூக்கித் தலையணைமேல் ஊன்றினாள். விரலைத் தன் கையாலேயே வளைத்துவைத்தாள். திரும்பி வந்து வரைந்தாள். முடித்துவிட்டுத் தண்ணீரை வாயருகில் கொண்டுபோனபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் திரும்பவே இல்லை.

யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நாக்கு வருமா?

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. குடுவைத் தண்ணீரில் துணியை நனைத்தாள். படம் போனால் போகட்டும். வருடமும் போகட்டும். கையே இருக்கக் கூடாது. ஸ்ப்ரே அடித்த கரி துணிக்கு வராது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் வந்தது. ஒரே இழுப்பில், ஈரமாக, வெதுவெதுப்பாக வந்தது. மணிக்கட்டு போயிற்று. உள்ளங்கை போயிற்று. விரலை இரண்டு முறை அழுத்தித் துடைத்தாள். தாளில் ஒரு கறுப்புத் தீற்றல்தான் மிச்சம். படத்தில் அப்பாவின் கண் இமை மூடியே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகவும் வெட்கமாக இருந்தது.

துணியைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். நடைபாதையில் செருப்புச் சத்தம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நடை. அம்மா.

முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைக் கொண்டுபோனாள்.

இடது கை வரவில்லை.

அது ஏற்கெனவே மேலே இருந்தது. எப்போது தூக்கினாள்? முழங்கை மடங்கி, காற்றில் எதன்மேலோ ஊன்றியிருந்தது. இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. வலது கையால் பிடித்து இழுக்க நினைத்தாள். வலது கை தொங்கியது. தோளிலிருந்து விரல்நுனிவரை அது யாருடைய கையோ. இடது கையின் ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கியது.

வளைந்தது.

தாகம். திடீரென்று. தொண்டை ஒட்டிக்கொண்டது. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். ஒரு பக்கம்தான் திறந்தது.

பின்னால் சத்தம் கேட்டது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கரித்துண்டு தாளில் உரசும் சத்தம். ஒரு நீள இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு சின்னச் சின்னதாக, அவசரமில்லாமல்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். விசேஷத்துக்குக் கட்டும் நல்ல புடவை. தோளில் பை. கையில் தண்ணீர் பாட்டில். மகளின் விரலைப் பார்த்தாள். படித்துவிட்டாள், கண்ணில் தெரிந்தது. பாட்டிலின் மூடியில் கைவைத்தபடி ஓரடி எடுத்துவைத்தாள்.

பிறகு மகளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள். அந்த மத்தியானத்தில் நடந்ததையெல்லாம் அங்கே படித்துவிட்டாள். மூடியிலிருந்து கை விலகியது. ஓரமாகக் கிடந்த முக்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். நிறையத் தண்ணீர். வெயில் அதற்குள் ஆடியது.

"அப்படியே வச்சிரும்மா," என்றாள், அன்பாக. "கொஞ்ச நேரம்தான்."

கை நடுங்கத் தொடங்கியது. பின்னால் கரித்துண்டு உரசிக்கொண்டே இருந்தது.