மூன்றாம் நாள் நினைவூட்டல்

செவ்வாயின் வடக்குக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்குக் காற்று மாற்றுவார்கள். ஆறேகாலுக்கு மடல்கள் வரும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிச்சில்லு அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கும். மூச்சு வடிகட்டியை மாற்ற எந்த நாள் வசதி? இந்த வாரம் தண்ணீர் எத்தனை லிட்டர் வேண்டும்? எல்லாமே படிவ மடல்கள். ஒரு கட்டத்தைத் தொட்டால் பதில் போய்விடும். ஆனாலும் யாரும் தொடுவதில்லை.

அதனால்தான் மடல் நிலையத்தில் நிரலெழுதும் பூங்கோதையிடம் அந்த வேலை வந்தது. பதில் வராத மடலுக்கு மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல், ஏழாம் நாள் இன்னொன்று, பத்தாம் நாள் கடைசி. யாரும் கை வைக்காமல் தாமாகவே போகும்படி எழுதினாள். பதில்கள் வரத் தொடங்கின, பெரும்பாலும் பத்தாம் நாளில்.

"அதான் திரும்ப ஞாபகப்படுத்துவாங்களே!" என்றது ஊர். பூங்கோதையும் ஊரில் ஒருத்திதான்.

ஒரு திங்கட்கிழமை, பேச நேரம் கேட்டுத் தம்பி நிலவனின் மடல் வந்தது. போபோஸ் நிலவின் கப்பல் துறையில் அவன் பற்றவைப்பாளன். பேச்சுத்தடங்கள் குறைவு, இரண்டு பக்கமும் நேரத்தை ஒப்புக்கொண்டால்தான் பேச முடியும். படிவத்தில் காரணம் கேட்ட இடத்தில் எழுதியிருந்தான்: "சும்மாதான் அக்கா. உன்கூடப் பேசணும்போல இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையில் வேலை இருந்தது. நினைவூட்டல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் நினைவூட்டல் வரவில்லை. நிரலில் பிழையோ என்று எரிச்சலுடன் பதிவேட்டைத் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது: 'அனுப்பியவர் உயிருடன் இல்லை. நினைவூட்டல் நிறுத்தப்பட்டது.'

அவள் எழுதிய வரிதான். இறந்துபோன கணவரின் மடல்கள் தொடர்ந்து வருவதாக ஒரு பெண் வந்து அழுதபோது, மனம் பொறுக்காமல் சேர்த்தது.

"என்னம்மா, பிழையா?" என்றார் நிலைய மேலாளர் அருமைநாதன்.

"நிரல் சரியாத்தான் இருக்கு சார். தம்பிதான் இல்ல."

மாலையில் போபோஸ் மருத்துவமனையின் அவசரத் தடத்தில் செவிலி பேசினாள். நுரையீரலில் உலோகத்தூள், எவருக்கும் சொல்ல வேண்டாம் என்றானாம். "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. அக்காவுக்கு வேலை ஜாஸ்தி, ஞாபகப்படுத்தினா உடனே பேசிடுவான்னு சொல்லிட்டே இருந்தாருங்க."

அந்த வாரமே பூங்கோதை நினைவூட்டல்களை நிறுத்தினாள். இனி எந்த மடலும் ஒருமுறைதான் வரும் என்று அறிவித்தாள். ஊர் கொதித்தது. வடிகட்டி மாற்றும் நாளைத் தவறவிட்டவர்கள் நிலையத்தின் வாசலில் நின்று கத்தினார்கள். கடைசியில் ஊர்மன்றம் பூங்கோதையைத் தவிர எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியது: நினைவூட்டல்கள் மீண்டும் வேண்டுமா?

"நாலாயிரத்துப் பன்னிரண்டு பேரும் வேணும்னுட்டாங்கம்மா" என்றார் அருமைநாதன், தலைகுனிந்தபடி.

"எப்ப அனுப்புனீங்க?"

"இன்னைக்குக் காலையில, ஆறேகாலுக்கு."

"பதில்?"

"ஆறரைக்குள்ள எல்லாம் வந்துடுச்சு."

பூங்கோதை நினைவூட்டல்களைத் திரும்ப இயக்கினாள். மறுநாள் வந்த மடல்களுக்கு ஊரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை.